தேர்வு மைய வாசலில் நின்றுபோன வாக்குத்தத்த அட்டை

முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தங்கத்தை உரசிப் பார்த்தே பிழைத்துவருகிறேன். புரசைவாக்கத்தில் ஒரு வங்கிக் கிளையில் நகை மதிப்பீட்டாளராக இருக்கிறேன். நகைக்கடன் கேட்டு வந்தவர் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் உட்கார்ந்திருக்க, அவருடைய வளையலையோ சங்கிலியையோ உரைகல்லில் தேய்த்து, விழுந்த கோட்டின்மேல் ஒரு சொட்டு நைட்ரிக் அமிலத்தை வைத்து, கோடு நிற்கிறதா கரைகிறதா என்று பார்ப்பதும், கல்லுக்கும் அரக்குக்கும் கழித்து நிகர எடையை எழுதிக்கொடுப்பதும் என் வேலை. பித்தளையாக இருந்தால் அமிலம் பட்ட இடம் பச்சையாக நுரைத்து, சற்று நேரத்தில் கோடே இல்லாமல் போய்விடும். அது யார் போட்ட சீதனம், எத்தனை வருடம் பீரோவில் பூட்டி வைத்தது என்பதெல்லாம் கல்லுக்குத் தெரியாது. இந்தத் தொழிலில் இத்தனை காலம் இருந்தும், என் வீட்டில், அதுவும் வேதாகமத்துக்குள்ளேயே பத்திரப்படுத்தி வைத்திருந்த ஒன்றை நான் உரசிப் பார்க்காமலேயே இருந்துவிட்டேன்.

எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகப் பெரம்பூரில் இருக்கிறது. என் பாட்டனார் பிறப்பதற்கு முன்பே கிறிஸ்தவர்களானவர்கள் நாங்கள். பத்துக் கட்டளைகளை ஓய்வுநாள் பள்ளியிலேயே ஒப்புவித்துப் பரிசு வாங்கியவன் என்பதால், "என்னையன்றி உனக்கு வேறே தேவர்கள் உண்டாயிருக்கவேண்டாம்" என்ற கட்டளையும், சுரூபத்தை உண்டாக்கவேண்டாம் என்ற கட்டளையும் எங்கள் வீட்டைப் பொறுத்தவரை எப்போதோ தீர்ப்பாகிவிட்ட வழக்கு என்றே எண்ணியிருந்தேன். விக்கிரகம் என்ற சொல்லைப் பிரசங்கத்தில் கேட்டால் என் மனம் உடனே வேறு யார் வீட்டையோ நினைத்துக்கொள்ளும். அதைவிட ஆபத்தான பழக்கம் ஒரு விசுவாசிக்கு இருக்க முடியாது என்று இப்போது நினைக்கிறேன்.

2014 டிசம்பர் 31 இரவு ஆராதனையில், பல சபைகளில் நடப்பதுபோல, வரிசையில் நின்று, புத்தாண்டுக்கென ஒரு வேதவசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டை எடுத்தோம். எனக்கு வந்தது ஏசாயா 54:13: "உன் பிள்ளைகளெல்லாரும் கர்த்தரால் போதிக்கப்பட்டிருப்பார்கள், உன் பிள்ளைகளுடைய சமாதானம் பெரிதாயிருக்கும்." அப்போது என் மகள் பதினோராம் வகுப்பில் இருந்தாள். அவள் மருத்துவராகவேண்டும் என்பது எனக்கு அவள் பிறந்த நாளிலிருந்தே இருந்த ஆசை. அட்டையைக் கையில் வாங்கிய கணத்திலேயே அதை மருத்துவக் கல்லூரி இடமாகப் படித்துவிட்டேன். மறுநாளே அதை லாமினேட் செய்து வேதாகமத்துக்குள் வைத்தேன். காலையில் ஜெபம் செய்யும்போது அது கையில் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் ஜெபம் ஏறெடுக்கப்படாததுபோல ஒரு குறை. ஒருநாள் அட்டையைக் காணாமல் தேடித் தேடி, மனைவியைக் கடிந்து, அலுவலகத்துக்குத் தாமதமாகப் போய், அன்று முழுவதும் ஏதோ கெட்டது நடக்கப்போகிறது என்ற பதற்றத்துடனேயே நகைகளை நிறுத்துக்கொண்டிருந்தேன். மாலையில் அது சோபா இடுக்கில் கிடைத்தபோது நான் விட்ட பெருமூச்சை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வேதனையாக இருக்கிறது. அந்த நாள் முழுவதும் கர்த்தர் எங்கேயும் காணாமற்போகவில்லை. அவரை நான் தேடவும் இல்லை.

2016 மார்ச்சில் மகள் பிளஸ் டூ எழுதினாள். அப்போது தமிழ்நாட்டில் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்து 200-க்குக் கட்-ஆஃப் கணக்கிட்டே மருத்துவ இடம் கொடுத்தார்கள். அவளுடைய கட்-ஆஃப் அரசுக் கல்லூரிக்கு எட்டவில்லை. அவள் வணிகவியல் படிக்கிறேன் என்றாள். கணக்கில் அவளுக்கு இயல்பாகவே பிடிப்பு உண்டு. கர்த்தர் வாக்குக் கொடுத்திருக்கும்போது நாம் அவிசுவாசத்தால் பின்வாங்கலாமா என்று சொல்லி, ஒரு வருடம் வீட்டிலிருந்து திரும்ப எழுத வைத்தேன். ஒரு பதினேழு வயதுப் பிள்ளையின் வருடத்தை எடுத்துக்கொள்ள வேதவசனத்தைப் பயன்படுத்தினேன் என்பதை இப்படி நேராக எழுதுவதற்கே எனக்குச் சில வருடங்கள் ஆயிற்று.

அந்த வருடத்தின் டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தது. எங்கள் தெருவில் இரண்டு பெரிய மரங்கள் சாய்ந்து கம்பிகள் அறுந்துகிடந்தன. ஒரு வாரத்துக்கு அருகே மின்சாரம் இல்லை. வீட்டுக்குள் புழுக்கம் தாங்காமல், நிலா எழுவதற்கு முன்பே ஓர் இரவு மாடிக்குப் போனோம். நான் எமர்ஜென்சி விளக்கைப் பிடித்துக்கொண்டேன். அவள் இயற்பியல் புத்தகத்தை மடியில் விரித்திருந்தாள். பெரம்பூரில் விளக்குகளே இல்லாத வானத்தை நாங்கள் அதற்கு முன் பார்த்ததில்லை. அவள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி, "அப்பா, மேல பாருங்களேன், எவ்வளவு நட்சத்திரம்!" என்றாள். "நீ புத்தகத்தைப் பாரும்மா, இத்தனை நாள் படிப்புப் போச்சு" என்றேன். நான் மேலே பார்க்கவில்லை. யோபுவின் புத்தகத்தில் கர்த்தர் பெயர் சொல்லிக் கேட்கும் அறுமீனும் மிருகசீரிஷமும் அந்த நேரம் எங்கள் தலைக்கு மேல்தான் இருந்திருக்கவேண்டும்.

2016இல் மாநில இடங்களுக்கு ஒரு வருடம் மட்டும் கிடைத்திருந்த விலக்கு முடிந்து, 2017இல் நீட் தேர்வு தமிழ்நாட்டுக்கு வந்தேவிட்டது. தேர்வு நாள் மே 7, ஞாயிற்றுக்கிழமை. முந்தின இரவு, ஒரு பெரிய ஜெபக்கூட்டத்தில் வாங்கிவந்திருந்த அபிஷேக எண்ணெயைக் கதவு நிலையில் தடவினேன், நுழைவுச்சீட்டின் ஓரத்தில் தடவினேன், பிறகு அவள் நெற்றிக்குக் கொண்டுபோனேன். யாக்கோபு தம் நிருபத்தில் வியாதியஸ்தருக்காகச் சபையின் மூப்பர்கள் எண்ணெய் பூசி ஜெபிக்கச் சொல்லியிருக்கிறார். அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் நான் செய்தது அதுவல்ல. அவள் சற்றுப் பின்னால் நகர்ந்து, கோபமே இல்லாத குரலில், "அப்பா, இந்த எண்ணெய் இல்லாட்டி கர்த்தருக்கு என்னைத் தெரியாதா?" என்று கேட்டாள். அவளுக்கு நான் பதில் சொல்லவில்லை. எண்ணெயை மட்டும் தடவிவிட்டேன்.

மறுநாள் தேர்வு மைய வாசலில் கடுமையான சோதனை. நுழைவுச்சீட்டு, புகைப்படம் தவிர வேறு ஒரு துண்டுக் காகிதமும் உள்ளே போகக்கூடாது. அவளுக்கே தெரியாமல் நான் நுழைவுச்சீட்டின் பின்னால் அந்த அட்டையைச் செருகியிருந்தேன். சோதனை செய்தவர் அதை எடுத்து என்னிடம் நீட்டினார். அது வேதவசனம், படிப்பு சம்பந்தப்பட்டது அல்ல, பையிலாவது வைத்துக்கொள்ளட்டும் என்று கெஞ்சினேன். பிறகு குரலை உயர்த்தினேன். பின்னால் நின்ற பெற்றோர்கள் சத்தம் போட்டார்கள். வாசல் மூடும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. மகள் என் கையைப் பிடித்து, "அப்பா, விடுங்க, நான் போறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். நான் அட்டையைப் பிடித்துக்கொண்டு அவள் முதுகைப் பார்த்தபடி நின்றேன். அப்போது என் மனதில் ஓடிய எண்ணம் இதுதான்: "ஐயோ, பிள்ளை தனியாகப் போகிறாளே."

அந்த எண்ணமே எனக்கு உரைகல்லானது. வானமும் பூமியும் கொள்ளாத தேவன், என் கணக்கின்படி, வாசலுக்கு வெளியே என் கையில், மூன்று அங்குல அட்டையில் நின்றுவிட்டார். அவள் தனியாக உள்ளே போய்விட்டாள். சொல்லில் அப்படி ஒருபோதும் ஒப்புக்கொண்டிருக்கமாட்டேன். ஆனால் கோடு விழுந்துவிட்டது, அமிலமும் பட்டுவிட்டது.

தேர்வு மூன்று மணி நேரம். எதிர்ப்புறம் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து, அட்டையிலிருந்த வசனத்தைப் புத்தகத்திலேயே பார்த்துவிடலாம் என்று கைவேதாகமத்தைத் திறந்தேன். இரண்டரை வருடத்தில் அந்த அதிகாரத்தை முழுதாக ஒருமுறைகூட வாசித்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. சற்று முன்னாலிருந்தே வருவோம் என்று 40ஆம் அதிகாரத்தில் தொடங்கினேன். அங்கேதான், "இதோ, ஜாதிகள் ஏற்றச்சாலில் தொங்கும் துளிபோலவும், தராசிலே படியும் தூசிபோலவும், எண்ணப்படுகிறார்கள்" என்ற வசனம் என்னைப் பிடித்துக்கொண்டது.

தராசில் படியும் தூசியை என்னைப்போல் அறிந்தவர்கள் குறைவு. தினமும் காலையில் பெட்டகம் திறப்பதற்கு முன், மின்விசிறியை அணைத்துவிட்டு, தராசின் கண்ணாடி மூடியைத் திறந்து, ஒட்டக முடித் தூரிகையால் தட்டைத் துடைத்து, எண் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்ப்பேன். அந்தத் தூசிக்கு விலை கிடையாது. கடன் வாங்குகிறவரும் கேட்கமாட்டார், மேலாளரும் கேட்கமாட்டார். பேரரசுகளையும் சேனைகளையும் கர்த்தர் அந்தத் தூசியாக எண்ணுகிறார் என்றால், ஒரு கல்லூரி இடத்துக்காக நான் பட்ட அவதி எந்தத் தட்டில் எத்தனை எடை காட்டும்? மூல எபிரெயத்தில் வாளியில் தொங்கும் துளி என்று இருப்பதைத் தமிழில் ஏற்றச்சால் என்று சொல்லியிருக்கிறார்கள். அதே பகுதியில் பூமியின் மண்ணை மரக்காலில் அடக்கினவர் என்றும், வானங்களை ஜாணளவாய்ப் பிரமாணித்தவர் என்றும் வருகிறது. கமலை ஏற்றமும் மரக்காலும் சாணும் நம் வயற்காட்டின் அளவுகள். பழைய தமிழ் வேதாகமத்துக்குப் பெரும் உழைப்பைக் கொடுத்தவர்களில் ஒருவரான ஃபப்ரிசியுஸ் ஐயர் 18ஆம் நூற்றாண்டில் எங்கள் பக்கத்து வேப்பேரியிலிருந்துதான் ஊழியம் செய்தார். தேவனுடைய மகத்துவத்தை நம் கைக்கு அடங்கும் அளவுகளால் சொல்லி, அந்த அளவுகளுக்கெல்லாம் அவர் அடங்காதவர் என்று உணரவைக்கும் தமிழ் அது.

சில வசனங்கள் தாண்டி, என் குலத்தொழிலே வந்தது: "கன்னான் ஒரு சுரூபத்தை வார்க்கிறான், தட்டான் பொன்தகட்டால் அதை மூடி, அதற்கு வெள்ளிச் சங்கிலிகளைப் பொருந்தவைக்கிறான்." என் தந்தை சௌகார்பேட்டையில் பட்டறை வைத்திருந்தவர்; இந்த வசனத்தை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். ஆனால் ஒரு மதிப்பீட்டாளராக அதை அன்றுதான் வாசித்தேன். வார்த்தது ஒன்று, மூடியது வேறொன்று. கவரிங் நகை வங்கிக்கு வந்தால் மேலாக உரசினால் நல்ல கோடே விழும். கொக்கியின் அடியிலோ பற்றாசு வைத்த இடத்திலோ லேசாக அரத்தால் அராவிப் பார்த்தால்தான் உள்ளே இருப்பது தெரியும். என் அட்டையின் மேல்தகடு சுத்தத் தங்கம். அது தேவனுடைய வார்த்தை. அதில் குறையே இல்லை. உள்ளே நான் வார்த்து வைத்திருந்தது, "டாக்டர் வீடு" என்று தெருவில் சொல்லப்படவேண்டும் என்ற என் பெருமை. மேலே தங்கம் இருந்ததால் நானும் ஏமாந்தேன், சபையில் என் சாட்சியைக் கேட்டவர்களும் ஏமாந்தார்கள். கிறிஸ்தவ வீட்டு விக்கிரகம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும் என்பது என் துணிபு: அது பாவத்தின் உருவில் வராது, பரிசுத்தமான ஒன்றால் மூடப்பட்டே வரும்.

54ஆம் அதிகாரத்துக்கு வந்தபோது, அது சிறையிருப்பால் பாழான எருசலேமை ஒரு மலடிக்கு ஒப்பிட்டு ஆறுதல் சொல்லும் அதிகாரம் என்று கண்டேன். ஓரத்தில் கொடுத்திருந்த ஒத்துவாக்கியம் யோவான் 6:45-க்குப் போகச் சொன்னது. அங்கே இயேசு கிறிஸ்து இந்த வசனத்தையே எடுத்துச்சொல்லி, பிதாவினிடத்தில் கேட்டுக் கற்றுக்கொண்டவன் எவனும் என்னிடத்தில் வருகிறான் என்கிறார். கர்த்தரால் போதிக்கப்படுவது என்பது அவரிடம் வந்து சேர்வது. எனக்குக் கொடுக்கப்பட்டிருந்தது நான் கேட்டதைவிட எத்தனையோ மடங்கு பெரியது; அதைச் சிறியதாக்கிக் கையில் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பின் வந்த மாதங்களில் வேதத்தில் இதே நோயை வெவ்வேறு இடங்களில் கண்டேன். 1 சாமுவேல் 4இல் பெலிஸ்தரிடம் இஸ்ரவேலர் நாலாயிரம் பேர் விழுந்ததும், ஜனங்கள் கர்த்தருடைய பிரசன்னத்தின் அடையாளமான உடன்படிக்கைப் பெட்டியைச் சீலோவிலிருந்து போர்க்களத்துக்குக் கொண்டுவருகிறார்கள். பாளயமே அதிரும்படி ஆர்ப்பரிக்கிறார்கள். அடுத்த போரில் முப்பதினாயிரம் காலாட்கள் விழுகிறார்கள், பெட்டியும் பிடிபடுகிறது. தாயத்தாகப் பயன்பட மறுத்த அதே தேவன், அடுத்த அதிகாரத்தில் ஒரு மனிதனின் உதவியும் இல்லாமல் பெலிஸ்தரின் தெய்வச் சிலையான தாகோனைத் தம் முன் முகங்குப்புற விழப்பண்ணுகிறார். அவருடைய மகத்துவம் நம் கைப்பிடியிலிருந்து கழன்ற பிறகே துலங்குகிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான காட்சி எனக்குத் தெரியாது. மீதியானியரை முறியடித்த கிதியோனும் அப்படியே. ராஜாவாக மாட்டேன் என்று சரியாகச் சொன்னவன், கொள்ளையில் வந்த கடுக்கன்களை வாங்கி ஆசாரியர் அணியும் மேலுடையான ஓர் ஏபோத்தைச் செய்தான். அந்தக் கடுக்கன்களின் எடை ஆயிரத்து எழுநூறு பொன் சேக்கல். சேக்கலுக்கு ஏறத்தாழ 11 கிராம் வைத்தாலும் 18 கிலோவைத் தாண்டும், நம் கணக்கில் இரண்டாயிரத்து முந்நூறு சவரனுக்கு மேல். அந்த ஏபோத் அவனுக்கும் அவன் வீட்டாருக்கும் கண்ணியாயிற்று என்று வேதம் முடித்துவிடுகிறது.

எனக்கு மிக உதவியது எசேக்கியா ராஜா செய்த காரியம். வனாந்தரத்தில் கொள்ளிவாய்ச் சர்ப்பங்கள் கடித்தபோது கர்த்தரே சொல்லி மோசே உண்டாக்கிய வெண்கலச் சர்ப்பத்துக்கு, பல நூற்றாண்டுகளுக்குப் பின்னும் ஜனங்கள் தூபங்காட்டிக்கொண்டிருந்தார்கள். எசேக்கியா அதை உடைத்துப்போட்டு, அதற்கு நிகுஸ்தான் என்று பேரிட்டான். வெண்கலத் துண்டு என்பதே அதன் பொருள். ராஜா ஒரு மதிப்பீட்டாளரின் வேலையைச் செய்திருக்கிறான்: அதன் வரலாற்றையும் மகிமையையும் ஒதுக்கிவைத்து, உலோகத்தின் பெயரைச் சொல்லியிருக்கிறான்.

இதிலிருந்து நான் கைக்கொண்டவற்றைச் சொல்கிறேன். என்னைப்போல் தடுமாறுகிறவர் ஒருவருக்காவது உதவும். எதன்மேல் மனம் கட்டுண்டிருக்கிறதோ, அதன் உலோகத்தை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கிறேன்: இது காகிதம், இது தேங்காய் எண்ணெயோ ஒலிவ எண்ணெயோ, இது ஆயிரத்து இருநூறு சதுர அடி கட்டடம், இவர் நம்மைப்போல் பாடுள்ள ஒரு போதகர். சொல்லும்போது உள்ளே எதிர்ப்பு எழுந்தால் அங்கே அராவிப் பார்க்கவேண்டும். ஒன்று தொலைந்தாலோ யாராவது அதைத் தொட்டாலோ வரும் பயத்தையும் கோபத்தையும் அமிலச் சொட்டாக எடுத்துக்கொள்கிறேன். அன்று சோபா இடுக்கில் தேடியபோதே இதை அறிந்திருந்தால் ஒரு வருடம் மிஞ்சியிருக்கும். வாக்குத்தத்த வசனம் கிடைத்தால் அந்த அதிகாரத்தை முழுதாகவும், அதற்கு முன்னும் பின்னும் உள்ள அதிகாரங்களையும் வாசித்து முடிக்கும்வரை அதை என் காரியத்தோடு பொருத்துவதில்லை.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது ஜெபத்தின் வரிசை. கர்த்தர் கற்பித்த ஜெபத்தில் அன்றன்றுள்ள ஆகாரத்தைக் கேட்பதற்கு முன், அவருடைய நாமம், அவருடைய ராஜ்யம், அவருடைய சித்தம் என்று மூன்று விண்ணப்பங்கள் இருக்கின்றன. அதை மனப்பாடமாகச் சொல்லியே வளர்ந்தவன் நான். ஆனால் என் சொந்த ஜெபம் எப்போதும் நாலாவதிலிருந்துதான் தொடங்கும். இப்போது ஒரு சங்கீதத்தையோ ஏசாயா 40இல் சில வசனங்களையோ சத்தமாக வாசித்து, அவர் யார் என்பதில் மனம் தங்கும்வரை என் தேவைகளைத் தொடுவதில்லை. விக்கிரகத்தை விட்டுவிடவேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்த நாட்களில் அது விடவில்லை. அவருடைய பெரிய தன்மையைப் பார்க்கத் தொடங்கிய பிறகு, பிடித்திருந்த கை தானாகவே தளர்ந்தது. அந்த அதிகாரத்தில் மலைகளைத் தராசால் நிறுத்தவரே, ஆட்டுக்குட்டிகளைத் தமது மடியிலே சுமந்து கறவலாடுகளை மெதுவாய் நடத்துகிறவராகவும் இருக்கிறார். அவ்வளவு பெரியவருக்கு என் மகளைத் தெரியாமலிருக்குமோ என்று அஞ்சியிருந்தேன்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். என் கிளையில் உடன் வேலை செய்கிறவர்களில் பெரும்பாலோர் இந்துக்கள். ஆயுதபூஜை அன்று என் தராசுக்கும் பொட்டு வைக்கப் பிரியப்படுவார்கள். நான் வேண்டாம் என்று மரியாதையோடு சொல்வேன். அவர்களும் வருத்தப்படாமல் சுண்டலை மட்டும் கொடுத்துவிட்டுப் போவார்கள். முன்பு அந்த மறுப்பிலேயே என் விசுவாசக் கடமை முடிந்துவிட்டதாக ஒரு நிறைவு இருக்கும். பிறர் வழிபாட்டை இழிவாகப் பேசுவதும் பக்தியின் அடையாளம் என்று நினைத்ததுண்டு. அப்போஸ்தலர் 19இல் எபேசு பட்டணத்தின் அதிகாரி, பவுலின் கூட்டாளிகளைப் பற்றி, இவர்கள் உங்கள் தேவியைத் தூஷிக்கிறவர்களல்ல என்று சாட்சி சொல்கிறான். அந்த ஊரில் தேவியின் கோவிலை வெள்ளியில் சிறிதாகச் செய்து விற்கும் வியாபாரமே ஆட்டங்காணும் அளவுக்கு உண்மைத் தேவனை அறிவித்தவர்கள், ஒரு வசைச்சொல்லும் பேசாமல் அதைச் செய்திருக்கிறார்கள்.

தேர்வு முடிவு ஜூனில் வந்தது. இடம் கிடைக்கவில்லை. அன்று மாலை மகளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, அட்டையை மேசைமேல் வைத்து, நடந்ததையெல்லாம் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவள் வெகுநேரம் அழுதாள். அந்த வருடமே வணிகவியலில் சேர்ந்து, 2020இல் முடித்தாள்; இப்போது ஒரு தணிக்கை அலுவலகத்தில் வேலை செய்கிறாள். அட்டையை நான் கிழிக்கவில்லை, அது வேதவசனம். லாமினேஷனைப் பிரித்து, பின்புறத்தில் பென்சிலால் "காகிதம்" என்று எழுதி, ஏசாயா 40ஆம் அதிகாரத்தில் பக்க அடையாளமாக வைத்துவிட்டேன்.

2020 ஊரடங்கு நாட்களில் குடும்ப ஜெபத்துக்கு அவள் என் வேதாகமத்தை எடுத்தபோது அந்த அட்டை கீழே விழுந்தது. பின்புறம் எழுதியிருந்ததை முதலில் பார்த்தாள், பிறகு திருப்பி வசனத்தை வாசித்தாள். "அப்பா, இதுல 'கர்த்தரால்'ங்கிற வார்த்தைய நீங்க அன்னைக்கு வாசிக்கவே இல்ல, இல்லையா?" என்றாள். இல்லை என்றேன். அன்று ஏசாயா 40ஐ அவளே வாசித்தாள். "உங்கள் கண்களை ஏறெடுத்துப்பாருங்கள், அவைகளைச் சிருஷ்டித்தவர் யார்?" என்ற இடத்துக்கு வந்ததும் புத்தகத்தை மூடாமல் அப்படியே எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள்; நாங்களும் பின்னால் போனோம். தெருவிளக்குகள் எரிந்தாலும் வண்டிகள் ஓடாத அந்த நாட்களில் வானம் ஓரளவு தெளிந்திருந்தது. அவள் ஒவ்வொன்றாகக் காட்டி எண்ணினாள். நானும் கூடவே எண்ணினேன். நாற்பதுக்கு மேல் எனக்குக் கணக்குத் தப்பிவிட்டது.